பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரும் ஒரு மஞ்சள் பையும்

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்னமும் "என்னிக்குக் கெளம்பறீங்க, உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்?" என்றுதான் வாயில் வருகிறது. ஆரணியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக டிக்கெட் போட்டவள் நான். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

போன மாதம் அந்த அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. சாமான்களை ஒழிக்கும்போது "பரஸ்தானம்" என்று எழுதி ஒட்டிய மர அலமாரி ஒன்று கிடைத்ததாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எனக்குப் போன் செய்து, காணாமல் போன சாமான்களை வைக்கும் அலமாரியா மேடம் என்று கேட்டார்கள். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது. அதில் வைத்த ஒரு பை ஒருமுறை காணாமல் போனது. போக்கடித்தது நான்தான். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பத்து நாள் ஊர்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களை மனப்பாடம் செய்ததிலேயே போனது. மீதி ஐந்து நாளில், உலகத்து விமானங்கள் எல்லாம் அடங்கிய செங்கல் கனத்துக் கால அட்டவணைப் புத்தகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கணக்கு. இதை அவர்கள் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

அதனால் என்னுடைய முதல் வாடிக்கையாளரான பட்டுக்கடைக்காரர் ஒருவரிடம், சிங்கப்பூர் போக ஆறரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் என்று கழித்துப் பார்த்துச் சொல்லிவிட்டேன். வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுமா என்று கேட்டார். ஆமாம் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையில் போக நாலு மணி, வர நாலு மணி. மனிதர் திரும்பி வந்து, வண்டி இரண்டரை மணி நேரம் லேட்டு என்று என்னிடம் சண்டை போட்டார்.

முதலாளி வரதப்பன் சார் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்டமாட்டார். எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் துடைப்பார், மாட்டுவார், "பாக்கலாம்" என்பார். தீப்பிடித்துக்கொண்டது என்றாலும் இந்த நான்கையும் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் முன்பு பட்டு நூல் மண்டியில் கணக்கு எழுதியவர். விமானத்தில் ஏறியதே இல்லை. ஏன் சார் என்றால், டாக்டர்கள் எல்லா மருந்தையும் தின்று பார்த்தா எழுதிக் கொடுக்கிறார்கள் என்பார்.

ஆனால் தூரக் கணக்கில் அவரை அசைக்க முடியாது. மேசையில் ஒரு அடி குறுக்களவுள்ள உலக உருண்டை இருந்தது. ஒரு பட்டு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து விறைப்பாக இழுப்பார். பருத்தி நூல் இழுத்தால் நீளும், பட்டு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. பிறகு அந்த நூலைத் தையற்காரர் டேப்பில் வைத்து அளப்பார். அந்த உருண்டையில் ஒரு அங்குலம் ஆயிரத்து அறுபது கிலோமீட்டர். நியூயார்க் பன்னிரண்டே முக்கால் அங்குலம். ஆக, பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அதை எண்ணூற்று ஐம்பதால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால், நிற்காமல் போனால் பதினாறரை மணி நேரம். அந்தக் காலத்தில் நிற்காமல் போக விமானம் கிடையாது என்பதால், மும்பைக்கு இரண்டு மணி, லண்டனுக்கு ஒன்பதரை, நியூயார்க்குக்கு எட்டு, நடுவில் உட்கார்ந்திருப்பது தனி என்று துண்டு துண்டாக எழுதிக் கொடுப்போம். மணிக் கணக்கைக் கேட்டு மிரள்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சொல்வோம். நியூயார்க் நாலு சாப்பாடு, இரண்டு டிபன்.

அந்த நூலால் வந்த வம்பும் கொஞ்சமில்லை. உருண்டையில் இழுத்துப் பிடித்தால் நூல் நேராக மேற்கே போகாது, ரஷ்யா பக்கமாக மேலே ஏறிப் போகும். மேற்கே இருக்கிற அமெரிக்காவுக்கு வடக்கே எதற்குப் போகிறான், ஆட்டோக்காரன் மாதிரி சுற்றிக்கொண்டு போகிறானா என்று சந்தேகப்படுவார்கள். சார் பேசாமல் நூலை அவர்கள் கையில் கொடுத்து, இதைவிடக் குறைவாக வைத்துக் காட்டுங்கள் என்பார். நூல் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஊர். விடுவார்களா? நெசவுக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நூல் சரிதான், உருண்டைதான் கோணல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

பரஸ்தான அலமாரி வந்த கதைக்கு வருகிறேன். நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், பயணச் சாமானில் எதையாவது ஒன்றை நல்ல நேரம் பார்த்து வீட்டைவிட்டு வெளியேற்றி, வேறு இடத்தில் வைத்துவிடுவது வழக்கம். அதோடு பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், போகும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். விமானக் கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பார்த்து டிக்கெட் தருவதில்லை என்பதால், எங்கள் வாடிக்கையாளர்கள் பரஸ்தானப் பைகளை எங்கள் அலுவலகத்திலேயே கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். சார் ஒரு அலமாரி செய்யச் சொன்னார். துண்டு, வேட்டி, ஒற்றைச் செருப்பு, எல்லாம் வரும். ஒருவர் தூக்குவாளியில் தோசை மாவு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அது மூடியைத் தள்ளிக்கொண்டு தானாகவே கிளம்பிவிட்டது. துடைத்தது நான்.

இனி தனபாக்கியம் அம்மாள். ஐந்தாறு தறி வைத்து நடத்திய கெட்டிக்காரப் பெண்மணி. கணவர் இல்லை. ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்கு வந்து இருபத்தோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான். மருமகள் கலைச்செல்வி மாமியார் வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தாள். ஒன்றேகால் வருஷம் கழித்து விசா வந்தது. அதில் ஒரு தேதி போட்டிருந்தது, அதற்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். மூன்று மாதம் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன். தனபாக்கியம் அம்மாளை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

முதலில் வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டேன். வெள்ளி, ஞாயிறு மேற்கே சூலம், அமெரிக்கா மேற்கே இருக்கிறது, ஆகாது என்றார். திங்கள் போட்டேன். திங்கள், சனி கிழக்கே சூலம், ஆரணியிலிருந்து சென்னை கிழக்கே, ஆகாது. சரி, புதன் என்றேன். அன்றைக்குப் பார்த்துச் சார் தன் நூலை எடுத்து உருண்டையில் இழுத்துக் காட்டினார். விமானம் வடக்கே அல்லவா போகிறது என்று அம்மாள் கண்டுபிடித்தார். செவ்வாய், புதன் வடக்கே சூலம். சாரை அன்றைக்கு நான் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மிச்சம் இருந்தது வியாழன் ஒன்றுதான். வியாழன் தெற்கே சூலம், தெற்கே யாரும் போகவில்லை, போட்டுவிடட்டுமா என்றேன். அம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னார், அவர்கள் வீட்டு வாசல் தெற்குப் பார்த்ததாம்.

ஏழு நாளும் போய்விட்டது. கடவுள் எட்டாவது கிழமை ஒன்றை எங்களுக்காகப் படைத்தால்தான் உண்டு. சூலத்துக்குப் பரிகாரம் உண்டே, வெல்லமோ பாலோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று கேட்டேன்.

"அது வேலூருக்குப் போறவங்களுக்கும்மா. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு எத்தினி குடம் பால் குடிச்சிட்டுப் போவா அவ?" என்றார்.

இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. இரண்டு டிக்கெட் ரத்தானது. ஒரு நாள் கலைச்செல்வி ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் தனியாக வந்தாள். பேசாத பெண். ஜெராக்ஸ் எடுத்து முடித்தும் போகாமல் நின்றாள்.

"சாவித்திரி அக்கா, விசா முடிய பதினாறு நாள்தான் இருக்குது. எண்ணிகினே இருக்கேன். அத்தைய எதுத்துப் பேச எனக்கு வரல. அவர் மூஞ்சியே மறந்து பூடுமோன்னு பயமா இருக்குதுக்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. நேராகப் போய்ச் சார் முன்னால் நின்று, உங்கள் நூலால் வந்த வினை, நீங்களே தீர்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார். பாக்கலாம் என்று சொல்லாமல், "பரஸ்தானம்" என்றார்.

அம்மாள் ஒப்புக்கொண்டது அதிசயம்தான். ஆனால் நிபந்தனைகள் வந்தன. கிடைத்தது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி விமானம். விசா முடிவது ஞாயிறு. அதுதான் கடைசி வாய்ப்பு. பரஸ்தானப் பை வியாழக்கிழமையே வீட்டைவிட்டு மேற்கே கிளம்ப வேண்டும். வாசல் வழியாக எடுத்தால் தெற்கே சூலம் என்பதால், பக்கவாட்டுச் சன்னல் வழியாகப் பையை மேற்கே நீட்டி, வெளியே நின்று வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து இரண்டு தெரு மேற்கே எங்கள் அலுவலகம். தேங்காய், வெற்றிலை பாக்கோடு மஞ்சள் பை வந்து அலமாரியில் உட்கார்ந்தது. இத்தனை தூரத்துக்குத் துண்டும் சீலையும் எப்படிப் போதும் என்று அம்மாள் அதற்குள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டையாவது வெளியே எடுக்கச் சொல்லட்டுமா என்று சாரைப் பார்த்தேன். விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினார். பையை அப்படியே விட்டுவிட்டேன்.

அலமாரியில் ஏற்கெனவே இன்னொரு மஞ்சள் பை இருந்தது. முனுசாமி என்ற விவசாயி வைத்தது. அவர் மகன் திங்கட்கிழமை குவைத்துக்குப் போகிறான். திங்கள் கிழக்கே சூலம். இரண்டு பையும் ஒரே கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. ஒரே மணமக்கள் பெயர் அச்சடித்திருந்தது. இதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரத்தில் வேன் கிளம்பியது. ஒருத்தி போக, வழியனுப்பப் பதினாலு பேர். போகிற வழியில் அலுவலகத்துக்கு வந்து பையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அலுவலகம் மேற்கே இருக்கிறது, வெள்ளிக்கிழமை மேற்கே வேன் திரும்பக் கூடாது என்று அம்மாள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். தன் தம்பியை மட்டும் மொபெட்டில் அனுப்பினார். தம்பிக்குச் சூலம் பட்டால் பரவாயில்லை போலிருக்கிறது. அவர் வந்து நின்றபோது நான் டெல்லிக்கு யாருக்கோ சீட் கேட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சள் பை என்றார். எடுத்துக்கோங்க என்று கையைக் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் முப்பது வருஷ வேலையில் இதைவிடப் பெரிய தப்பு செய்ததில்லை.

பத்தே முக்காலுக்கு முனுசாமி வந்தார். பையில் இட்லிப் பொடி வைக்க மறந்துவிட்டாராம். அலமாரியில் இருந்த பையைத் திறந்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, பாஸ்போர்ட்டுல எம்புள்ள பூ வெச்சிகினு இருக்கான்?" என்றார்.

வேன் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வேனில் யாரிடமும் செல்போன் கிடையாது. சார் கண்ணாடியைக் கழற்றினார். கையைப் பிடித்துக்கொண்டு, துடைக்க நேரமில்லை சார், நான் போகிறேன் என்றேன். முனுசாமியும் கூடவே கிளம்பினார். அவர் கவலை வேறு. மகனுடைய பரஸ்தானம் சென்னைக்குப் போய்விட்டது. அதை அவர்கள் திரும்ப ஆரணிக்குக் கொண்டுவந்துவிட்டால் மகனும் போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவான். வராமல் தடுக்க வேண்டும்.

பஸ் ஏறும்போது மணி பதினொன்று. செய்யாறு, காஞ்சிபுரம். அங்கே பஸ் மாறி வாலாஜாபாத், தாம்பரம். நியூயார்க் வரைக்கும் மணிக் கணக்கைத் தூக்கத்தில் சொல்லும் எனக்குத் தாம்பரத்திலிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. பத்து வருஷம் டிக்கெட் போட்டிருக்கிறேன், விமான நிலையத்தைப் பார்த்ததில்லை. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு எண்ணூற்று ஐம்பதால் வகுக்கலாம். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு எதால் வகுப்பது? டிரைவர் டீ குடிக்க இறங்கினால் எந்தக் கணக்கும் நிற்காது. மடியில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஊரில் உள்ள சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். படவேடு அம்மனுக்கு மொட்டை போடுவதாகக்கூட வேண்டினேன், முனுசாமிக்கு. அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். நாலு மணிக்குக் கவுண்டர் மூடிவிடுவார்கள். வாசலில் நம் ஆட்கள் பதினாலு பேரும் வட்டமாக நின்றார்கள். பரஸ்தானப் பையை வழியில் பிரிக்கக் கூடாது என்று பத்திரமாகக் கொண்டுவந்து, காவல்காரர் டிக்கெட் கேட்டபோதுதான் பிரித்திருக்கிறார்கள். அவர் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு கைலி, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் என்று வரிசையாக எடுத்து வைத்திருக்கிறார்கள். இதில் எது டிக்கெட் என்று அவர் கேட்டாராம். அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் வருகிற சேதியைத் தெரிந்துகொண்டு, காத்திருந்தார்கள். தனபாக்கியம் அம்மாள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரயில் நிலையத்துக்குத் திரிசூலம் என்று பெயர் இருப்பதைப் பார்த்ததிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

நான் ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டைக் கலைச்செல்வியிடம் நீட்டினேன். அம்மாளின் கை நடுவில் வந்தது.

"ஆரணில எத்தினி மணிக்கிக் கெளம்பின?" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் முனுசாமி, சரியாகப் பதினோரு மணி என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பதினாலு பேரும் மூச்சு விடவில்லை. அம்மாள் பாஸ்போர்ட்டை விடவும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழலாம் போலிருந்தது.

கலைச்செல்வி சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அத்தை, பாஸ்போர்ட்டு நேத்தே நல்ல நேரத்துல கெளம்பிடுச்சி. நான் காலைல ஒன்பதே காலுக்குக் கெளம்பினேன். ராகு காலத்துல கெளம்பினது சாவித்திரி அக்கா மட்டுந்தான். அவங்க எங்கயும் போவலியே" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்கு அவரப் பாக்கணும் அத்தை."

அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக விட்டது. பெண் காலில் விழுந்து எழுந்தாள், கண்ணாடிக் கதவுக்குள் போனாள், இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். மூன்றே முக்கால் மணி. ராகு காலத்தில் கிளம்பி எங்கேயும் போகாதவள் என்று என்னை அத்தனை பேர் முன்னால் சொன்னாளே, எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

முனுசாமி தன் பையை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வரை இங்கேயே இருக்கட்டும் என்று காவல்காரரிடம் கொடுக்கப் பார்த்தார். அவர் லத்தியைத் தொட்டதும், சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு டீக்கடையில் பரஸ்தானத்தை விளக்கி, பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். ஊறுகாயைத் தொடக் கூடாது என்று டீக்கடைக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

திரும்பும்போது வேனில் கலைச்செல்வி உட்கார்ந்து வந்த இடம் காலியாக இருந்ததால், என்னை அங்கே உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் தனபாக்கியம் அம்மாள். காஞ்சிபுரம் வரும்வரை, இதோ திட்டுவார், இதோ திட்டுவார் என்று காத்திருந்தேன். நான் செய்த தப்புக்கு அது நியாயமும்கூட.

"அவ வந்து ஒன்றரை வருஷம் ஆவுது" என்று வெளியே பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "காலைல எழுந்ததும் எனக்குக் காபி குடுத்துட்டுத்தான் அவ குடிப்பா. புள்ளையும் பூட்டான், இவளும் பூட்டா, ஊட்ல நான் யார்கூடப் பேசறது? அதான் ஒவ்வொரு கெழமையா ஆவாது ஆவாதுன்னு சொல்லிகினே வந்தேன்."

மூன்று மாதம் இந்த அம்மாளை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். செய்யாறு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் பாஸ்போர்ட்டு எடுத்து ஒரு டிக்கெட்டு போடும்மா."

எந்தக் கிழமைக்குப் போடட்டும் என்று கேட்டேன்.

"எதுல சீட்டு இருக்குதோ, அதுல போடு" என்றார்.